ஆள் வருமுன் நனைத்த பாவு

தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. நான் ஒருத்தி மட்டும் கல் தூணருகே நின்று கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். கயிற்றின் அந்தப் பக்கம், தெருவின் பாதி நீளத்துக்கு, லுங்கி நெய்வதற்கான பாவு நூல் மூங்கில் கவைகளின் மேல் நீண்டு கிடந்தது. பாதி நூல் கஞ்சியில் நனைந்திருந்தது. மீதிப் பாதி இன்னும் கஞ்சியைக் கண்ணாலும் பார்க்கவில்லை.

ஆடிக் காற்று வேறு. கவைகள் ஆடின. நூல் ஆடியது. நானும்தான்.

அன்று ஆடிப் பரணி. மறுநாள் கிருத்திகை. திருத்தணியில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேஷன் பக்கமிருந்து விடியற்காலையிலேயே 'அரோகரா' கேட்க ஆரம்பித்திருந்தது. பெரிய சாலையில் கூட்டம் தாங்காமல் போனால் சிலர் எங்கள் நெசவுத் தெரு வழியாகக் குறுக்கே புகுந்து மலைக்குப் போவார்கள். அந்த நேரத்தில் அவர்களும் வரவில்லை. மூன்று வீடு தள்ளி, என் கணவரின் அண்ணன் முனிரத்தினம் பாவாவின் தறி மட்டும் உள்ளே 'டக் டக்' என்று ஓடிக்கொண்டிருந்தது. நான் தெருவில் நிற்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் தறி ஓடியது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கணவர் போய்ப் பத்து மாதம். மகள் வள்ளிக்கு ஆறு வயது. அந்தப் பாவு அன்று தேறி, என் தறியில் ஏறாவிட்டால், வள்ளி என்னோடு இருக்க மாட்டாள். பாவா வீட்டுக்குப் போய்விடுவாள். அப்படித்தான் தெருப் பெரியவர்கள் நாலு பேரை உட்கார வைத்துப் பாவா பேசி முடித்திருந்தார்.

ஒரு வாசகி கேட்டது

சென்ற வாரம் என் கணவர் சுப்பிரமணியின் சாவைப் பற்றி எழுதியிருந்தேன். மார்புச் சளி நோய். மிஷன் ஆஸ்பத்திரியில் எட்டு வாரம் படுத்திருந்து இறந்தார். அதைப் படித்த ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். "ஏசுவிடம் வேண்டிக் கணவர் பிழைத்தார், அதனால் மதம் மாறினேன் என்றால் புரிகிறது. அவர்தான் பிழைக்கவே இல்லையே. பிறகு ஏனம்மா மாறினீர்கள்?"

நல்ல கேள்வி. எங்கள் தெருவும் இதைத்தான் கேட்டது. கொஞ்சம் மரியாதைக் குறைவாகக் கேட்டது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த அம்மாவுக்கு ஒரு விவரம் தெரியாது. கணவர் பிழைக்க வேண்டும் என்று நான் ஏசுவிடம் வேண்டவே இல்லை. மலையில் இருக்கிற முருகனிடம்தான் வேண்டினேன். படியெல்லாம் முழங்காலால் ஏறினேன். பாவா, தம்பிக்காகக் கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுத்தார். அலகு எடுத்த பிறகு மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் பேசிய பேச்சுக்கு இது முக்கியம்.

அந்தப் பிற்பகல்

கணவர் இறந்தது மதிய சாப்பாட்டு நேரத்தில். உடலைக் கொண்டுபோக வண்டி பேச பாவா வெளியே போனார். போனவர் திரும்ப வெகு நேரமாகிவிட்டது. வார்டில் அந்தக் கட்டிலுக்கு வேறு நோயாளி வந்துவிட்டார். ஆயா என்னைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய குந்தும்மா" என்றாள். பாவம், அவள் மேல் தப்பில்லை.

எங்கே உட்காருவது? எதிரே ஜெபக்கூடம். அதன் வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அவருடைய சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அழுதால் தேவலை என்று இருந்தது. அந்த ஊரில் எனக்கு ஒரு முகம் தெரியாது. பாத்திரம் கழுவுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம், அவ்வளவுதான்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். காலி பெஞ்சுகள். ஓர் ஆள் இல்லை. என்ன தோன்றியதோ, வாய்விட்டே சொன்னேன்: "உள்ள யாரு இருக்கறதோ எனக்குத் தெரியாது. பாவா வர்ற வரைக்கும் கொஞ்சம் என்கூட குந்திகினு இரு."

சிறிது நேரத்தில் பக்கத்தில் யாரோ உட்கார்ந்தது போல் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இல்லாமல் போய்விடுமோ என்று பயம். சட்டையை மடியில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.

இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது. ஐம்பது வருடமாகப் பலர் கேட்டுவிட்டார்கள். போதகர்கள் கேட்டார்கள், என் மருமகன் கேட்டார். எல்லோருக்கும் இதே பதில்தான். இரட்சிப்பு என்று பெரிய வார்த்தை ஒன்று இருக்கிறது. எனக்கு அது அந்தச் சிமெண்டு பெஞ்சுதான். கேட்டேன், வந்து உட்கார்ந்தார். கணவரைத் திருப்பித் தரவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை.

மார்த்தாளும் கனகாவும்

அரக்கோணத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. முப்பது பேர் இருப்பார்கள். பெரும்பாலும் ரயில்வேக்காரர்கள். ஞாயிறு தவறாமல் பாசஞ்சர் பிடித்துப் போனேன். ஞானஸ்நானம் கொடுத்து எனக்கு மார்த்தாள் என்று பெயர் வைத்தார்கள். தெருவில் நான் கனகாவாகவே இருந்தேன். வாரத்தில் ஒரு நாள் மார்த்தாள், ஆறு நாள் கனகா. ஆறு நாளும் அந்தக் கனகாவோடு பேச ஆள் கிடையாது.

வள்ளியின் பெயரையும் மாற்றச் சொன்னார் போதகர். முருகனுடைய பெண்டாட்டி பெயராம். "அவங்க அப்பா வெச்ச பேருங்க. அவரு இல்ல, பேராவது இருக்கட்டும்" என்றேன். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை.

என் நெற்றியில் பொட்டில்லாததற்குத் தெருவில் இரண்டு காரணம் சொல்வார்கள். புருஷன் செத்தவள் என்பது ஒன்று. ஏசு சாமிக்காரி என்பது இன்னொன்று. முதல் காரணத்துக்குப் பரிதாபப்பட்டவர்கள் இரண்டாவது தெரிந்ததும் பரிதாபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

பாவு என்றால்

நெசவு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். துணியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. அதைத் தறியில் ஏற்றுமுன் தெருவில் நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி ஊட்டி, இழை இழையாகப் பிரித்துக் காயவைக்க வேண்டும். கஞ்சி ஏறாத நூல் தறியில் இரண்டு அடிக்கு ஒரு முறை அறும்.

இதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முடியாது. ஓர் இடத்தில் கஞ்சி தடவிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவதற்குள் முதல் இடம் காய்ந்து, நூலோடு நூல் ஒட்டிப் பலகையாகிவிடும். குறைந்தது ஆறேழு பேர் இரண்டு பக்கமும் நின்று ஒன்றாகத் தூக்கி, ஒன்றாகத் தடவி, ஒன்றாகப் பிரிக்க வேண்டும். அதனால் எங்கள் தெருவில் இதற்குக் கூலி கிடையாது. இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குக்கூடப் பாவுக்கு ஆள் போவார்கள். பிடித்துக் கொடுத்துவிட்டு, பேசாமலே திரும்பி வருவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. முதல் கைக் கஞ்சி வைக்குமுன், பாவுக்காரர் மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றுவார். அரோகரா சொல்லித்தான் கஞ்சியைத் தொடுவார்கள்.

வாயால் கெட்டேன்

கணவர் இறந்த பிறகு நானே குழித்தறியில் இறங்கி நெய்தேன். தெரு உதவியது. பாவாதான் முன்னால் நிற்பார். கற்பூரமும் அவரே ஏற்றிவிடுவார். நான் ஞானஸ்நானம் வாங்கியது தெரிந்த பிறகும் ஆட்கள் வந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

ஆடிக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு பாவு. எல்லோரும் நின்றிருந்தார்கள். பாவா கற்பூரத் தட்டை என்னிடம் நீட்டினார். "இந்த வாட்டி நீயே ஏத்து கனகா."

சோதித்துப் பார்க்கிறார் என்று எனக்குக் கோபம். "வேணாம் பாவா, நீங்களே ஏத்துங்க" என்றால் முடிந்திருக்கும். அவ்வளவு சின்ன விஷயம். ஆனால் புதிதாக ஞானஸ்நானம் வாங்கியவள் இல்லையா? சாட்சி சொல்கிறேன் பேர்வழி என்று தெருவே கேட்கும்படி சொன்னேன்:

"மலை மேல கீறவரு என் புருசனையே காப்பாத்தல. நூலையா காப்பாத்தப் போறாரு?"

பாவாவின் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கன்னத்தில் அலகு குத்திய இடம் ஆறிச் சின்னப் புள்ளியாக இருந்தது. கை தானாக அங்கே போனது. நான் சாமியைச் சொன்னேன் என்று தெரு நினைத்தது. நான் சொன்னது அவரைத்தான். 'நீ குத்திக்கொண்டதும் வீண்' என்று சொல்லியிருந்தேன். சொல்லி முடித்தபோது எனக்கே அது விளங்கியது. ஆனால் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கக் கௌரவம் விடவில்லை.

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். மற்றவர்கள் கஞ்சி வீணாகக் கூடாதே என்று அந்தப் பாவை முடித்துக் கொடுத்தார்கள். அந்த வாரமே பெரியவர்களை வைத்துப் பாவா பேசினார். என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"அடுத்த பாவு அவங்க சாமிக்காரங்களை வெச்சி ஏத்திகினா சரி, அவங்க பாட்டுக்கு இருக்கட்டும். முடியலன்னா எங்க தம்பி கொழந்தை எங்க வூட்ல வளரட்டும். தறி ஓடலன்னா சோத்துக்கு இன்னா பண்ணுவா?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கெட்டவர் என்றால் சண்டை போடலாம்.

விசுவாசம் பண்ணிய வேலை

அரக்கோணம் கூட்டத்தில் அழுதேன். எஸ்தர் அக்கா என்று ஒருவர், ரயில்வேக்காரர் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் அழற? செவ்வாக்கிழமை முதல் வண்டியில ஆறு பேரு வந்துடறோம். நீ விசுவாசிச்சா போதும்."

ஆறு பேரில் ஒருவருக்கும் நெசவு தெரியாது. நான் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆடிப் பரணி அன்று முதல் வண்டியில் யார் ஏற முடியும் என்று நானாவது யோசித்தேனா? அதுவும் இல்லை.

அன்று இருட்டு பிரிகிற நேரத்தில் எழுந்து, நானும் வள்ளியும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பாவைக் கட்டினோம். புளித்த கஞ்சியைக் கரைத்து வைத்தேன். முதல் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருவுக்கு நடந்து வர எவ்வளவு நேரம்? வந்துவிடுவார்கள்.

எங்கள் தெருவில் ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம், ஆள் கூடுமுன் பாவை நனைக்கக் கூடாது. வள்ளிகூடக் கேட்டாள்: "அம்மா, ஆளுங்க வரலியே?"

"வந்துகினே இருக்காங்க."

விசுவாசிக்கிறவள் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் அது என்ன விசுவாசம்? அப்படித்தான் அன்று என் புத்தி வேலை செய்தது. நனைத்தேன். பாதிப் பாவு நனைத்த பிறகு நிமிர்ந்து பார்த்தேன். தெரு முனையில் ஒருவரும் இல்லை.

ரயிலில் காலை வைக்க இடமில்லை, பஸ்ஸிலும் அப்படியே என்று அடுத்த ஞாயிறு எஸ்தர் அக்கா சொன்னார். உண்மையாகத்தான் இருக்கும்.

வள்ளி கொண்டுவந்தது

இப்போது மறுபடி அந்தக் கல் தூணுக்கு வருகிறேன்.

நனைந்த பக்கம் காற்றில் காய ஆரம்பித்தது. ஈரக் கனத்தில் தூணில் கட்டிய முடிச்சு நழுவியிருந்தது, மறுபடி இறுக்கிக் கட்ட என் ஒருத்தி பலம் போதவில்லை. ஓடிப் போய்ப் பிரிக்கலாம் என்றால் கயிற்றை விட வேண்டும். விட்டால் பாவு மண்ணில் விழும். வெயில் எதிர்வீட்டுச் சுவரில் பாதி வரை இறங்கிவிட்டது. ஒரு கதவு சற்றே திறந்து மூடிக்கொண்டது. பாவாவின் தறி 'டக் டக்' என்றது.

வள்ளி வீட்டுக்குள் போய் எதையோ உள்ளங்கையில் மூடி எடுத்து வந்தாள். கையை விரித்தாள். கற்பூரம். அவள் அப்பா காலத்தில் மாடத்தில் வைத்த பொட்டலம். எனக்கே மறந்துபோயிருந்தது.

"இதை ஏத்தும்மா. ஏத்தினா பெரியநைனா வந்துடுவாரு."

சரிதான். ஏற்றினால் பாவா வந்துவிடுவார். ஒரு தீக்குச்சி. மகள் என்னோடு இருப்பாள். தெரு திறந்துகொள்ளும். ஏசு கோபித்துக்கொள்வாரா என்றுகூட நான் யோசிக்கவில்லை. அவர் அப்படிப்பட்டவராக எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஒன்று உறைத்தது. நான் ஏற்றினால் அது மலைக்கு ஏற்றினதாக இருக்காது. தெருவுக்கு ஏற்றினதாக இருக்கும். அலகு குத்திக்கொண்டு ஏற்றுகிறவர்கள் மத்தியில் நான் பொய்யாக ஒன்று ஏற்றுவேன். அந்தச் சிமெண்டு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரையும் ஏமாற்றுவேன், பாவாவை இரண்டாம் தடவை அவமானப்படுத்துவேன்.

"வேணாம் கண்ணு. அதை எடுத்த இடத்துலயே வெச்சிடு."

அவள் போகவில்லை. "அப்ப நான் பெரியநைனா வூட்டுக்குப் போவணுமா?"

கண்ணை மூடினேன். ஜெபம் என்றால் கை கூப்ப வேண்டும், முழங்கால் போட வேண்டும். இரண்டு கையிலும் கயிறு. கத்தி அழுதால் கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறவர்கள் கேட்பார்கள். உள்ளுக்குள்ளே சொன்னேன்: "ஆண்டவரே, தப்பு என்னுது. வாய்க்கொழுப்பு. நனைச்சதும் நான்தான். அந்தக் கொழந்தை இன்னா பண்ணுச்சு? ஆள் அனுப்பு."

பதில் வரவில்லை. அன்றைக்குப் போல் பக்கத்தில் யாரும் வந்து உட்காரவும் இல்லை. அவ்வளவு தனியாக நான் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை. கணவர் செத்த அன்றுகூட இல்லை. இருந்தாலும் கயிற்றை விடவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடி, மறுபடி.

மஞ்சள் வேட்டிகள்

"ஏம்மா! நூலு காயுது, ஆளுங்க எங்க?"

கண்ணைத் திறந்தேன். மஞ்சள் வேட்டி, உடம்பெல்லாம் விபூதி, தோளில் மயிலிறகுக் காவடி. பெரிய மீசை. அவர் பின்னால் அதே கோலத்தில் ஆறு பேர். பெரிய சாலையில் நெரிசல் தாங்காமல் எங்கள் தெருவில் புகுந்திருக்கிறார்கள்.

"ஆளு இல்லிங்க" என்றேன்.

"ஆளு இல்லாம எவனாவது நனைப்பானா?" என்று மீசைக்காரர் திட்டினார். திரும்பித் தெலுங்கில் மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். நகரிப் பக்கத்து ஆட்கள், அவர்களும் நெசவுக்காரர்கள். நெசவுக்காரனால் காய்கிற பாவைப் பார்த்துக்கொண்டு நடக்க முடியாது.

"காவடியைக் கீழ வைக்கக் கூடாது. எங்க வைக்கறது?"

மறைக்க மனம் வரவில்லை. "ஐயா, நான் ஏசு சாமிக்காரிங்க."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அது இருக்கட்டும்மா. வூட்ல தறி கீதா?"

"ஆங், இருக்குதுங்க."

"அப்ப தறி மேல சாத்தி வைக்கலாம். எங்க ஊருல அப்படித்தான்."

ஏழு காவடியும் என் வீட்டுக்குள் போயின. அந்தச் சுவரில் வசனக் காலண்டர் தொங்கியது. யாருக்கும் அதைப் பார்க்க நேரமில்லை. ஓடி வந்து இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒட்ட ஆரம்பித்த இடத்தில் தண்ணீர் தெளித்து விரலால் பிரித்தார்கள். ஒருவர் என் கையிலிருந்த கயிற்றை வாங்கித் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினார். உள்ளங்கையில் தோல் வழன்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஒன்றாகத் தூக்க ஒரு சத்தம் வேண்டுமே? "அரோகரா!" என்பார் மீசைக்காரர். பாவு முழு நீளத்துக்கும் ஒரே மட்டமாக எழும். "அரோகரா!" கஞ்சி. "அரோகரா!" பிரி. நான் என் பங்குக்கு "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தேன். அது ஒரு தட்டு பின்தங்கியது. என் பக்கம் மட்டும் நூல் தாமதமாக எழுந்தது.

மீசைக்காரருக்குச் சிரிப்பு. "நீ உன்னுதைச் சொல்லிக்கோ தாயி. கையை மட்டும் எங்ககூடத் தூக்கு."

விரதக்காரர்கள், வெறும் வயிறு. மலை ஏறப் போகிறவர்கள். வெயிலில் நின்று எனக்குப் பாவு பிடித்தார்கள்.

நின்ற தறி

எப்போது நின்றது என்று தெரியாது. பாவாவின் தறிச் சத்தம் கேட்கவில்லை என்பதைத் திடீரென்று உணர்ந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். நேரே மீசைக்காரரிடம் போனார்.

"எந்த ஊருங்க நீங்க?"

"நகரிப் பக்கம்."

"இது எங்க தம்பி வூட்டுப் பாவு" என்றார் பாவா. குரல் ஒரு மாதிரி இருந்தது. "நீங்க விரதக்காரங்க. வுடுங்க, நாங்க பாத்துக்கறோம்."

அசலூர்க்காரர்கள் வந்து தம்பி வீட்டுப் பாவைப் பிடிக்கும்போது உள்ளே உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. மீசைக்காரரின் இடத்தில் நின்று நூலில் விரல் வைத்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் முதல் வார்த்தை பேசினார்.

"கஞ்சி தண்ணியா கீது."

"அரிசி அவ்ளோதான் இருந்துச்சு பாவா."

அவர் மனைவியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவள் ஒரு குண்டான் கெட்டிக் கஞ்சியோடு வந்தாள். ஒரு கதவு திறந்தது, இன்னொன்று திறந்தது. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"பாவா, அன்னிக்கு நான் பேசினது..."

"நூலைப் பாரு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் சாகிற வரை அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை, வள்ளியைக் கூட்டிப் போகிற பேச்சையும் எடுக்கவில்லை. அடுத்தடுத்த பாவுகளுக்கு அவர் ஒரு கோடியில் கற்பூரம் ஏற்றுவார். நான் மறு கோடியில் கண்ணை மூடி நிற்பேன். இரண்டும் முடிந்த பிறகே கஞ்சியைத் தொடுவார்கள். ஆனால் என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கத் தெருவுக்கு இன்னும் பல வருடமாயிற்று.

காவடிகளை எடுத்துக்கொண்டு அவர்கள் புறப்பட்டார்கள். மோர் கொடுத்தேன், மலை இறங்கித்தான் எதுவும் என்று மறுத்துவிட்டார்கள். பேர் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் கலந்து போய்விட்டார்கள். தறி மேல் ஒரு மயிலிறகு கழன்று கிடந்தது. வள்ளி அதை எடுத்து, குட்டி போடும் என்று என் வேதபுத்தகத்துக்குள் வைத்தாள்.

சாட்சி

எங்கள் கூட்டத்தில், ஆண்டவர் ஒரு நன்மை செய்தால் எழுந்து நின்று எல்லோருக்கும் முன்பாகச் சொல்ல வேண்டும். சாட்சி என்று பெயர். அந்த ஞாயிறு எழுந்தேன். புத்தகத்தைத் திறந்தபோது மயிலிறகு தரையில் விழுந்தது.

போதகர் பார்த்துவிட்டார். "இது என்னம்மா?"

"கொழந்தை வெளையாட்டுங்க" என்று சொல்லிக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

பாவு கதையைச் சொன்னேன். ஜெபித்தேன், உடனே ஏழு பேர் வந்தார்கள் என்றதும் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். "யாரும்மா அவங்க?" என்று எஸ்தர் அக்கா கேட்டார்.

தெருவில் எனக்கு இடம் இன்னும் சரியாக இல்லை. இந்த ஓட்டு வீடு ஒன்றுதான் மிச்சம். இதுவும் போய்விட்டால்?

"யாரோ வழிப்போக்கருங்க" என்றேன். "யாருன்னு தெரியாது."

தேவதூதர்களாக இருக்கும் என்று போதகர் சொன்னார். நான் மறுக்கவில்லை. பிறகு எத்தனையோ கூட்டங்களில், எத்தனையோ ஊர்களில் அந்தச் சாட்சியைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வழிப்போக்கர்கள்தான். வீடு திரும்பும் ரயிலில் ஒவ்வொரு தடவையும் யாரோடும் பேசப் பிடிக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன்.

கடிதம் எழுதிய வாசகிக்கும், அந்தக் கூட்டத்தில் இன்னும் உயிரோடு இருப்பவர்களுக்கும் இன்று சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன சாட்சியில் ஒரு பொய் இருந்தது. அவர்கள் வழிப்போக்கர்கள் இல்லை. தேவதூதர்களும் இல்லை. மஞ்சள் வேட்டி கட்டி, விபூதி பூசி, முருகனுக்கு விரதம் இருந்து மலை ஏற வந்தவர்கள். நான் ஏசுவிடம் ஆள் கேட்டேன். அவர் காவடிக்காரர்களை அனுப்பினார்.